புற்றுநோய் மருந்தை மைக்ரோஎமல்ஷன் எப்படிச் சுமக்கிறது?

பால் என்பதே கொழுப்பும் நீரும் கலந்ததுதான், எண்ணெயும் நீரும் கலந்த மைக்ரோஎமல்ஷனும் அப்படித்தான். பிறகு மருந்துக்கு ஏன் இதைத் தேடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கறந்த பாலை அப்படியே வைத்தால் ஆடை மேலே மிதக்கும். மைக்ரோஎமல்ஷன் பிரியாது. அதன் எண்ணெய்த் துளிகள் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் சிறியவை. ஒளியை அதிகம் சிதறடிக்காததால் திரவம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். எண்ணெய், நீர், பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மம், துணைக்குக் கொஞ்சம் ஆல்கஹால் ஆகியவற்றைச் சரியான அளவில் சேர்த்தால், கடைய வேண்டியதே இல்லை, தானாகவே உருவாகும்.

பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த அருமையான மருந்து. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் நீரில் கரையவே கரையாது. அதனால் கிரெமோஃபோர் (இதுவும் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சேர்மம்தான்), எத்தனால் கலவையில் கரைத்து ஏற்றினார்கள். அந்தக் கிரெமோஃபோரே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. மருந்து ஏற்றும் முன்பே ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். நோயாளி இந்தக் கூடுதல் பாரத்தையும் சுமப்பது எனக்குப் பெரிய வேதனை.

மைக்ரோஎமல்ஷனில் இத்தகைய மருந்து எண்ணெய்த் துளிக்குள்ளும் அதன் ஓரத்திலும் தங்கிக்கொள்ளும். வாய்வழி கொடுத்தால் குடல் உறிஞ்சுவதும் கூடலாம். சிக்கல் ஒன்று உண்டு: இதற்கும் பரப்பு இழுவிசை குறைக்கும் சேர்மம் நிறையவே வேண்டும். அது உடலுக்கு ஒத்துப்போகிறதா, இரத்தத்தில் நீர்த்தபின் துளி உடையாமல் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.