5 முறை பார்த்தால் பிழை 14 சதவீதமா, 23 சதவீதமா?

வாழைத்தண்டின் சுற்றளவுக்கும் தாரின் எடைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்ணை), 20 மரங்களுக்கு ஒருமுறையாக 100 மரங்கள் வரை 5 முறை சோதித்து, பி-மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்ததும் நிறுத்தப்போவதாகவும், தொடர்பே இல்லாத எண்களை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் உருவாக்கி ஓட்டிப் பார்த்ததில் 23 சதவீத ஓட்டங்கள் 'தொடர்பு உண்டு' என்று முடிவதாகவும், நூலிலோ 14 சதவீதம் என்றிருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு அந்த 23 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 0.95-ஐ 5 முறை பெருக்கி 1-இலிருந்து கழித்தால் 0.226 வரும், அதாவது ஒவ்வொரு பார்வைக்கும் தற்செயல் எண்களை உருவாக்கும் ஆர்நார்ம் (rnorm) கட்டளையைப் புதிதாக அழைத்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற 5 மாதிரிகளைச் சோதித்திருக்கிறீர்கள். தரவு சேரச் சேர இடையிடையே பார்க்கும் உண்மையான தொடர்நிலைச் சோதனையில் இரண்டாம் பார்வையின் 40 மரங்களுக்குள் முதல் 20 மரங்களும் அடக்கம். ஆகவே ஓர் ஓட்டத்துக்கு 100 இணைகளை ஒரே தடவையில் உருவாக்கி வைத்துக்கொண்டு, முதல் 20, முதல் 40 என்று வெட்டியெடுத்து ஒட்டுறவைச் சோதிக்கும் கார்.டெஸ்ட் (cor.test) கட்டளைக்குக் கொடுங்கள். விடை 14 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். 10,000 ஓட்டங்களாவது வேண்டும். அப்போதுதான் 14 சதவீதத்தைச் சுற்றிய தடுமாற்றம் (திட்டப்பிழை) ஏறத்தாழ 0.35 சதவீதப் புள்ளியாகச் சுருங்கும்.

அந்தப் 14-ஐ 5-க்கு இறக்க, புள்ளியியலாளர் போக்காக் 1977-இல் வகுத்த எல்லையின்படி ஒவ்வொரு பார்வையிலும் பி-மதிப்பை 0.05-உடன் அல்லாமல் 0.0158-உடன் ஒப்பிட வேண்டும். சோதனையின் திறனை (உண்மையில் தொடர்பு இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை) அறிய, ஆர்நார்ம் தரும் எக்ஸை நீங்கள் விரும்பும் ஒட்டுறவான ரோவால் பெருக்கி, 1-இலிருந்து ரோவின் வர்க்கத்தைக் கழித்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கிய புதிய இரைச்சலைக் கூட்டினால், விரும்பிய ஒட்டுறவுள்ள ஒய் கிடைத்துவிடும். முன்கூட்டியே நின்ற ஓட்டங்களில் கெழு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையும் அங்கேயே காணலாம்.

(தண்டு பருத்தால் தார் கனக்கும் என்பதை எந்த விவசாயியும் சந்தேகிக்கமாட்டார், பூச்சியத்தைவிட 0.5-ஐ எதிர்த்துச் சோதிப்பதே பயனுள்ளது. அதற்கு, கெழுவை இயல்நிலைப் பரவலை ஒட்டிய எண்ணாக மாற்றும் ஃபிஷரின் இசட் உருமாற்றம் தேவைப்படும்.)

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. களக்காட்டில் ஒரே தோட்டத்து மரங்கள் ஒரே மண்ணையும் ஒரே வாய்க்கால் தண்ணீரையும் பகிர்பவை. நீங்கள் உருவாக்கிய எண்களோ முற்றிலும் தனித்தனியானவை. தோட்டத்துக்கு ஒன்றாக, சுற்றளவுக்கும் எடைக்கும் தனித்தனியே ஒரு கூடுதல் இரைச்சலைச் சேர்த்து மீண்டும் ஓட்டுங்கள், 0.0158 என்ற எல்லையையும் மீறித் தவறான முடிவுகள் பெருகும். அந்த இரைச்சலின் அளவை இப்போதைக்கு ஊகித்தும் வைக்கலாம், ஆனால் முதல் சில தோட்டங்களின் அளவீடுகளிலிருந்து எடுப்பதே நல்லது.