திரை ஏன் திக்குகிறது? வாசகர் கேள்விகள்

மலையக ரயில் நேரம் காட்டும் ஐபோன் செயலி ஒன்று செய்கிறேன். கோட்டையிலிருந்து பதுளை வரை நிலையப் பட்டியலை உருட்டினால் திக்கித் திக்கிப் போகிறது. – ஹட்டன்

நீங்கள் அனுப்பிய கோடில் ஒவ்வொரு வரிசை வரும்போதும் எல்லாக் கன்ஸ்ட்ரெயின்ட்களையும் (எது எங்கே, எவ்வளவு அகலத்தில் நிற்க வேண்டும் என்ற விதிகளை) கழற்றி, 'தாமதம்' லேபல் உண்டா இல்லையா என்று பார்த்து, மறுபடி மாட்டுகிறீர்கள். வினை அங்கேதான். அந்த விதிகளைப் பார்த்துத் திரையில் இடம் ஒதுக்கும் ஆட்டோ லேஅவுட்டின் உள்ளே ஓடுவது காசோவரி என்ற கணக்கு முறை. 1947இல் கணிதவியலாளர் டான்ட்சிக் தந்த, விதிகளுக்குள் அடங்கும் சிறந்த விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையை, முந்தைய விடையைக் கையில் வைத்துக்கொண்டே திருத்துகிற மாதிரி மாற்றியமைத்தது. ஒரு எண் மாறினால் அதைச் சார்ந்ததை மட்டும் சரிசெய்யும். நீங்களோ எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து கணக்குப் போடச் சொல்கிறீர்கள்.

தாமதம் உள்ள வரிசைக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என இரண்டு கன்ஸ்ட்ரெயின்ட் தொகுதிகளை ஒரே தடவை உருவாக்கி வையுங்கள். நிலை உண்மையிலேயே மாறும்போது மட்டும் ஒன்றை நிறுத்தி மற்றதை இயக்குங்கள். இரண்டுக்கும் பொதுவானதைத் தொடவே வேண்டாம். இடைவெளி மட்டும் மாறுவதென்றால் கன்ஸ்ட்ரெயின்ட்டில் உள்ள எண்ணை (கான்ஸ்டன்ட்டை) மாற்றினால் போதும். லேபலின் இடம் காலியாகக் கிடந்தால் பரவாயில்லை என்றால் மறைத்துவிடுங்கள், அதைவிட மலிவான வழி இல்லை.

சிங்களத்தில் அடங்கும் லேபல் தமிழில் முட்டுகிறது. எச்சரிக்கை போக எல்லாவற்றின் முன்னுரிமையையும் 999 ஆக்கிவிட்டேன். சரியா? – நுவரெலியா

இல்லை. 1000 என்றால்தான் கட்டாயம், 999 என்றால் மீறலாம். அதனால் எச்சரிக்கை போய்விட்டது, விதிகளுக்குள் முரண்பாடு அங்கேயேதான் இருக்கிறது. கட்டாயமில்லாத ஒவ்வொரு விதிக்கும் 'எவ்வளவு பிசகலாம்' என்ற கணக்கு கூடுகிறது. எதை விட்டுக்கொடுக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. அகலத்தை 120 என்று ஆணி அடிக்காமல் 'குறைந்தது 120' என்று எழுதுங்கள். இப்படிக் 'குறைந்தது', 'கூடியது' என்று எழுதும் சமனிலிகள் பாரம் என்று பலர் பயப்படுகிறார்கள், வீண் பயம்.

தோட்டத்தில் கொழுந்து நிறுவை பதியும் ஆண்ட்ராய்ட் செயலி. வரிசையாக அடுக்கும் லீனியர் லேஅவுட்டை விட்டு, விதிகளால் இடம் ஒதுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டுக்கு மாற வேண்டுமா? – பண்டாரவளை

வெயிட் (மீதி இடத்தைப் பங்கிடும் விகிதம்) போட்ட லீனியர் லேஅவுட் தனக்குள் இருக்கும் பிள்ளைகளை இருமுறை அளக்கலாம். அப்படி மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் அடியில் உள்ளது எட்டுத் தடவை வரை அளக்கப்படலாம். உங்கள் படிவம் அந்த ரகம், மாறுங்கள். பேர், கிலோ, நேரம் என்று ஒற்றை வரி மட்டுமென்றால் இருப்பதே போதும். எதுவானாலும் கணினியில் போன் போல ஓடும் எமுலேட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், மலையில் ஐயாமார் கையில் இருக்கும் அந்தப் பழைய போனிலேயே ஓட்டிப் பாருங்கள்.