மேற்படிப்பு விசாவும் அதற்குப் பிறகான கணக்கும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சென்ற சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பெற்றோரும் பிள்ளைகளுமாக வந்து வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள்; நேரம்தான் போதவில்லை. அன்று அரைகுறையாக விட்ட பதில்களையும், பினாங்கிலிருந்து பிறகு வந்த கேள்விகளையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். பெரும்பாலும் ஆஸ்திரேலியா, அடுத்து பிரிட்டன் என்றே கேட்டிருக்கிறீர்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிள்ளானிலிருந்து ஒரு தாய்: மகள் ஃபவுண்டேஷன் (பட்டத்துக்கு முந்தைய படிப்பு) முடிக்கப் போகிறாள். இங்கே இரண்டு வருஷம், கடைசி ஒரு வருஷம் ஆஸ்திரேலியா என்று ஒரு கல்லூரியில் சொல்கிறார்கள். செலவு பாதியாகிவிடும், படித்து முடித்ததும் அங்கேயே வேலை விசா கிடைக்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

அக்கா, செலவு குறையும் என்பது உண்மை. பட்டமும் ஆஸ்திரேலியப் பட்டம்தான். ஆனால் வேலை விசா கிடைக்கும் என்று சொன்னது தவறு.

படித்து முடித்தவர்களுக்கு ஆஸ்திரேலியா கொடுக்கும் வேலை விசாவுக்கு எண் 485. இளங்கலைக்கும், பாடவழி முதுகலைக்கும் இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. அதைக் கேட்க வேண்டுமானால் ஆஸ்திரேலிய மண்ணில் இருந்தபடி குறைந்தது 92 வாரப் படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு 16 மாதங்களுக்குக் குறையாமல் நடந்திருக்கவும் வேண்டும். 92 வாரம் என்பது இரண்டு கல்வியாண்டு. உங்கள் மகள் அங்கே இருக்கப்போவது ஒரே ஆண்டு. ஆக, பட்டம் கிடைக்கும், விசா கிடைக்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தத் தம்பி. அவனும் இதே 2+1 முறையில்தான் போனான். இங்கிருந்த கல்லூரி கொடுத்த தாளில் 'படிப்புக்குப் பின் வேலை வாய்ப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் வாரக் கணக்கைக் கேட்கவில்லை, கேட்கவும் தெரியவில்லை. படிப்பு முடிந்து விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அப்பா வீட்டுக் கடனைக் கூட்டி அவனை அனுப்பியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

1+2, அதாவது இங்கே ஒன்று அங்கே இரண்டு என்றால் கணக்கு பெரும்பாலும் நிற்கும். ஆனாலும் கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆஸ்திரேலியாவில் இவள் படிக்கப்போகும் பகுதி, பாட விலக்கெல்லாம் கழித்து, ஆஸ்திரேலிய அரசின் படிப்புப் பதிவேட்டில் எத்தனை வாரம்?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கையில் பணம் குறைவென்றால் நான் சொல்லும் வழி வேறு. பட்டம் முழுவதையும் இங்கேயே முடிக்கட்டும். பிறகு அங்கே இரண்டு ஆண்டு முதுகலை. ஒன்றரை ஆண்டில் முடியும் முதுகலைகளும் நிறைய உண்டு. அவற்றில் சேர்ந்தால் 92 வாரம் நிரம்பாது, மறுபடியும் அதே பள்ளம். பதினெட்டு வயதில் அனுப்புவதைவிட இருபத்திரண்டு வயதில் அனுப்பும்போது, தனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பிள்ளைக்கே ஓரளவு தெரிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

பண்டார் சன்வேயில் படிக்கும் ஒரு மாணவர்: நான் படிப்பது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை. அது ஆஸ்திரேலியப் படிப்பாகக் கணக்கில் வருமா?

குடியேற்றத்துக்கான புள்ளிக் கணக்கில் பட்டத்துக்கான புள்ளி வரும், தம்பி. ஆஸ்திரேலியாவில் படித்ததற்கான புள்ளி வராது, 485 விசாவும் வராது. சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதல்ல, படிக்கும்போது நீங்கள் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதே கேள்வி.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர், வயது 31, மணமாகாதவர்: உள்ளூரில் பட்டம் பெற்று ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வேண்டும் என்பதற்காக ஆஸ்திரேலியாவில் முதுகலை படிக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுத எனக்கு மிகவும் ஆசை. தம்பி, அவசரப்பட்டுச் சேர வேண்டாம். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

திறன் குடியேற்றத்துக்கு அங்கே புள்ளிக் கணக்கு உண்டு. தகுதி பெறவே 65 வேண்டும். அது வாசல்படி மட்டுமே, விண்ணப்பிக்கச் சொல்லி அரசின் அழைப்பு வர அதைவிட நிறைய வேண்டியிருக்கும். 25 முதல் 32 வயதுவரை 30 புள்ளி. பட்டத்துக்கு 15. வெளிநாட்டு வேலை அனுபவம் ஐந்து ஆண்டைத் தாண்டினால் 10, எட்டு ஆண்டு ஆனால் 15. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 8 எடுத்தால் 20, நான்கிலும் 7 எடுத்தால் 10. மணமாகாதவருக்கு 10. உங்களுக்கு ஆங்கிலத்தில் 8 வரும் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கே 85.

சரி, இப்போது முதுகலை படித்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு ஆஸ்திரேலியப் படிப்புக்கு 5 புள்ளி கூடும். அதற்குள் உங்களுக்கு 33 வயது ஆகிவிடும், வயதுப் புள்ளி 30-லிருந்து 25-க்கு இறங்கும். அதாவது பெருந்தொகை செலவழித்து, சம்பளத்தையும் விட்டு, மறுபடியும் அதே 85. படிக்கப் போகாமல் இன்னும் ஓராண்டு இதே வேலையில் இருந்தால் அனுபவம் எட்டாண்டு ஆகும். உட்கார்ந்த இடத்திலேயே 90. வயது 32-ஐத் தாண்டும் முன் அழைப்பு வர வேண்டும், அதுதான் உங்களுக்குள்ள காலக்கெடு.

உள்ளூர்ப் பட்டம் அங்கே எடுபடுமா என்று தயங்குகிறீர்கள். வாஷிங்டன் ஒப்பந்தம் என்று பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. மலேசியா 2009-இல் அதில் முழு உறுப்பினரானது, ஆஸ்திரேலியாவும் உறுப்பினர். உங்கள் பட்டம் அந்த அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 'எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா' அமைப்பின் திறன் மதிப்பீடு வெகுவாகச் சுலபமாகும்.

அப்புறம், நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் என்ற மொழித் தேர்வில் தமிழும் உண்டு, தேறினால் 5 புள்ளி. இரண்டு உரையாடல்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். 90-க்கு 63 எடுக்க வேண்டும், ஒவ்வோர் உரையாடலிலும் 45-க்கு 29-க்குக் குறையக்கூடாது. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: நாம் பேச்சில் மலாய்ச் சொற்களைத் தாராளமாகக் கலப்போம், தேர்வில் அது ஆகாது. மருத்துவமனை, காப்புறுதி, நீதிமன்றம், வாடகை பற்றிய தமிழ்ச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைத்தால் 190 விசாவுக்கு 5 புள்ளி, பெருநகருக்கு வெளியே வாழ வேண்டிய 491 விசாவுக்கு 15 புள்ளி கூடும். முதுகலை படித்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், பொறியியலில் ஆராய்ச்சி முதுகலையைப் பாருங்கள். அதற்குத் தனியாக 10 புள்ளி உண்டு.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு தந்தை: மகன் 2026 செப்டம்பரில் பிரிட்டனில் ஓராண்டு முதுகலை சேர்கிறான். மருமகளையும் அழைத்துப் போகலாமா? பிறகு அங்கேயே தங்க முடியுமா?

ஐயா, சொந்தச் செலவில் படிப்பதென்றால் மருமகள் உடன் போக முடியாது. 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்களும் அரசு உதவித்தொகையில் படிப்பவர்களும் மட்டுமே குடும்பத்தை அழைத்துச் செல்லலாம்; சொந்தச் செலவில் படிக்கும் ஓராண்டுப் பாட முதுகலைக்கு அந்த உரிமை இல்லை. இதைத் தம்பதி இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கட்டும்.

படிப்புக்குப் பின் 'கிராஜுவேட்' விசா உண்டு. இதுவரை இரண்டு ஆண்டாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். உங்கள் மகன் அந்தக் கணக்கில்தான் வருவார். அதற்குள் 'ஸ்கில்ட் வொர்க்கர்' விசா தரக்கூடிய முதலாளி கிடைக்க வேண்டும். அதற்கான சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 33,400 பவுண்டு என்ற குறைந்த வரம்பு உண்டு, அந்த வேலைக்கென்று குறித்த சம்பளத்தில் 70 விழுக்காடு அதற்கு மேல் போகாவிட்டால். கிராஜுவேட் விசாவில் இருக்கும் காலம், ஸ்கில்ட் வொர்க்கர் வழியாகக் கேட்கும் நிரந்தர வசிப்புக்கான ஆண்டுக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுங்கள். படிக்கும்போதே, முதல் மாதத்திலிருந்தே வேலை தேடத் தொடங்க வேண்டும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் காசநோய்ப் பரிசோதனை உண்டு. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

செந்தூலிலிருந்து ஒரு தந்தை: வங்கிக் கணக்கில் காட்டப் பணம் போதவில்லை. ஒருவர் வட்டிக்குப் போட்டுக் காட்டித் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம், அண்ணே. ஆஸ்திரேலியாவுக்கு முதலாண்டு வாழ்க்கைச் செலவு மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டாலர் என்று 2024 மே மாதம் வைத்தார்கள். கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேல். விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 டாலர், மறுத்தால் திரும்ப வராது. பொய்யான ஆவணம் என்று தெரிந்தால் அந்த விசா போவதோடு, மூன்று ஆண்டுக்கு வேறு விசாவும் கிடைக்காது. ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கதை தனி. அந்த வட்டியை எந்தப் பிள்ளையின் பகுதி நேரச் சம்பளமும் தாங்காது.

நேர்வழியில் பாருங்கள். உங்கள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பில் செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். வங்கிக் கல்விக் கடனையும் சான்றாகக் காட்டலாம். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்கு மட்டும்தான், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எல்லாம் சேர்த்தும் பற்றவில்லை என்றால் ஓராண்டு தள்ளிப் போடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கோலாலம்பூரில் தாதி, வயது 36: சிங்கப்பூரில் நான்கு வருஷம் வேலை பார்த்துத் திரும்பினேன். மறுபடி மாணவர் விசாவில் ஆஸ்திரேலியா போகலாம் என்கிறார் முகவர்.

தங்கச்சி, 485 விசாவுக்கு வயது வரம்பு 2024 ஜூலையில் 50-லிருந்து 35-க்கு இறங்கிவிட்டது. ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. இப்போது படிக்கப் போனால் முடிவில் கையில் பட்டம் மட்டும் இருக்கும்.

உங்களுக்கு வேறு கதவு திறந்திருக்கிறது. தாதியர் பதிவைச் சுலபமாக்க 2025-இல் ஆஸ்திரேலியா ஒரு புதிய வழி கொண்டுவந்தது. அவர்கள் ஒப்பானவை என்று ஏற்ற இடங்களில் பதிவு பெற்று, 2017 ஜனவரி முதல் அங்கே 1,800 மணி நேரம் பணியாற்றிய பதிவுத் தாதியருக்கு அது பொருந்தும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது. சிங்கப்பூர் தாதியர் மன்றப் பதிவுச் சான்று, பழைய மருத்துவமனையின் பணிக் கடிதம் இரண்டையும் முதலில் கேட்டு வாங்குங்கள். திறன் விசாவின் புள்ளிக் கணக்குக்கு 45 வயது ஆகும்வரை இடம் உண்டு. உங்களைப் போல் கையில் தொழில் உள்ளவர்களை மாணவர் விசாவுக்குத் தள்ளுவது எனக்குப் பெரிய வருத்தம்.

சுபாங் ஜெயாவிலிருந்து ஒருவர்: முகவர் 'மாரா பதிவு உண்டு, பிஆர் உறுதி' என்கிறார். நம்பலாமா?

அது நம் ஊர் மாரா என்ற அரசு நிறுவனம் இல்லை. ஆஸ்திரேலியக் குடியேற்ற முகவர் பதிவு ஆணையத்துக்கும் சுருக்கப் பெயர் மாராதான். பதிவு எண்ணைக் கேளுங்கள், அவர்கள் இணையப் பக்கத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். உறுதி என்று வாக்குக் கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவி: மாணவர் விசா விண்ணப்பத்தில் 'திரும்பி வந்துவிடுவேன்' என்று எழுத வேண்டுமா? எனக்கு அங்கே வேலை பார்க்கவும் ஆசை.

பொய் எழுத வேண்டாம், கண்ணு. திரும்புவீர்களா என்று பார்த்த பழைய விதி 2024 மார்ச் 23-ஓடு போனது. இப்போது பார்ப்பது நீங்கள் உண்மையில் படிக்க வருகிறீர்களா என்பதை. பிற்காலத்தில் தங்க நினைப்பதே குற்றமாகாது. கேள்விகளுக்கு 150 சொல்லுக்குள் ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் பினாங்கில் அல்லது கோலாலம்பூரில் படிக்காமல் அங்கே, முன்பு படித்ததோடு இது எப்படிச் சேர்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். முகவர் எழுதிக் கொடுப்பதை அப்படியே ஒட்டாதீர்கள்; ஒரே பத்தி பத்துப் பேருக்குப் போயிருக்கும்.

அதே மாணவியின் அம்மா: பிஆர் வாங்கினால் மலேசியக் குடியுரிமை போய்விடுமா?

போகாது, அக்கா. பிஆரோடு மலேசியக் கடவுச்சீட்டும் இருக்கலாம். அங்கே குடிமகளாகப் பதிந்தால்தான் இங்குள்ளதை விட வேண்டும், மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் குடியுரிமை கேட்க நான்கு ஆண்டு வசிப்பு வேண்டும், கடைசி ஓராண்டு பிஆராக. யோசிக்க நிறையக் காலம் இருக்கிறது. பிள்ளை திரும்பி வர நினைத்தாலும் வழி உண்டு: மலேசிய அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் நடத்தும் திரும்பும் வல்லுநர் திட்டத்தில் தகுதி பெற்றால் ஐந்தாண்டுக்கு வருமான வரி 15 விழுக்காடுதான். அங்கே வேலை பார்த்த ஆண்டுகளின் சம்பளச் சீட்டு, பணிக் கடிதங்களை ஒன்றுகூட விடாமல் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.