மேனேஜர் வீட்டு பார்பிக்யூவுக்கு எந்த ரெட் வைன்?

தம்பி, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, சனிக்கிழமை மேனேஜர் வீட்டில் பார்பிக்யூ, ஒரு ரெட் வைனும் கையால் சமைத்த ஏதாவது ஒன்றும் கொண்டு வரச் சொன்னார், எதை எடுத்துப் போவது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே 14 வருடமாக இருக்கிறேன். யோசிக்காமல் மார்கரெட் ரிவர் பகுதியின் கேபர்னே மெர்லோ (இந்த இரண்டு சிவப்புத் திராட்சை வகைகளைக் கலந்த வைன்) ஒன்று வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட் அலமாரியில் தேட வேண்டாம், இந்த மாநிலத்தில் அங்கே மது விற்பதில்லை. பாட்டில் ஷாப் என்கிற மதுக்கடைக்குப் போங்கள். 20, 30 டாலருக்குள் நல்லதே கிடைக்கும்.

மார்கரெட் ரிவர் இங்கிருந்து தெற்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். மூன்று பக்கமும் கடல். அந்தக் கடல்காற்றுதான் கோடை வெயிலைத் தணித்து, திராட்சையை அவசரப்படாமல் பழுக்க வைக்கிறது. 1960களில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற விவசாய விஞ்ஞானி, இந்தத் தட்பவெப்பம் பிரான்சின் புகழ்பெற்ற வைன் பகுதியான போர்தோவை ஒத்திருக்கிறது என்று எழுதினார். அதைப் படித்த டாம் கல்லிட்டி என்ற பெர்த் இதய மருத்துவர் 1967இல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தில் கொடி நட்டார். மேனேஜர் இந்த ஊர்க்காரர் என்றால் இந்தக் கதையை அவரே ஆசையாகச் சொல்வார், கேட்டுப் பாருங்கள்.

போர்தோவைப் போலவே இங்கும் கேபர்னேயோடு மெர்லோவைக் கலக்கிறார்கள். கேபர்னே துவர்ப்பும் உறுதியும் தரும், மெர்லோ நடுவில் சதைப்பற்றான மென்மை தரும். லேபிளில் முதலில் வரும் பெயர்தான் கலவையில் அதிகம்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். வாழைப்பூவிலும் கடுந்தேநீரிலும் நாக்கைப் பிடிக்கிற அதே துவர்ப்புதான் இந்த வைனிலும் இருக்கிறது. ஆட்டுக்கறியின் கொழுப்பும் புரதமும் அதை அடக்கிவிடும், வைன் வழவழப்பாக இறங்கும். ஆனால் மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் ஏற்றிவிடும். முதல் வருடம் நான் ஊர் ருசியில் செய்த மட்டன் சுக்காவை எடுத்துப் போனேன். எல்லோரும் ஒரு வாயோடு வைனை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். இரண்டுமே நல்ல பொருள்கள், சேர்த்து வைத்ததுதான் தப்பு என்று வருத்தமாக இருந்தது. இப்போதெல்லாம் சுக்காவில் மிளகாயைக் குறைத்து, மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போடுகிறேன். அது இந்த வைனுக்கு அருமையாகப் பொருந்துகிறது. சைவம் என்றால் காளான் மிளகு வறுவல், சுட்ட கத்தரிக்காய், நன்றாக முதிர்ந்த செடார் சீஸ். மீன் வறுவல் வேண்டாம், துவர்ப்பான சிவப்பு வைனோடு வாயில் இரும்பு வாசம் அடிக்கும். புளி தூக்கலான குழம்பும் சரிவராது.

அப்புறம் இன்னொன்று. 40 டிகிரி வெயிலில் பாட்டிலைக் காரில் விடாதீர்கள். குடிக்கும்போது 16, 18 டிகிரி இருந்தால் போதும், அதற்கு இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தாலே சரியாகிவிடும். பெரும்பாலும் திருகு மூடிதான், கார்க் திறப்பான் தேட வேண்டியதில்லை.

நீங்கள் குடிக்காதவர் என்றாலும் தயங்காமல் பாட்டிலைக் கொண்டு போங்கள். "நான் வண்டி ஓட்டுகிறேன்" என்று சொன்னால் இங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிப்பதாக இருந்தால் காரை வீட்டிலேயே விடுங்கள். முழு லைசென்ஸ் உள்ளவருக்கே ரத்த ஆல்கஹால் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும், பி பிளேட் (புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்) என்றால் பூஜ்யம். ஒரு முழு பாட்டில் ஏறக்குறைய 8 ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) கணக்கு, சரியான எண் பின்பக்க லேபிளில் இருக்கும்.

சுக்காவை எவ்வளவு பேருக்குச் செய்வது என்று குழம்பினால் கேளுங்கள், அளவு சொல்கிறேன்.