வாசகர் கேள்வி: விடை மாறினால் வழு கம்பைலரிலா, நிரலிலா?

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் உவர்த்தன்மையை ஃபோர்ட்ரான் நிரலொன்றினால் கணித்து வருகிறேன். எங்கள் ஆய்வுக்குழுவில் எல்லோரும் ஒரே சேவரையே பயன்படுத்துகிறோம். சென்ற மாதம் அதிலிருந்த, நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்குத் தொகுக்கும் ஜிசிசி கம்பைலர் 11ஆம் பதிப்பிலிருந்து 12ஆம் பதிப்புக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னர் பாலமீன்மடு முகத்துவாரத்தை அண்டிய கட்டங்களில் சற்றும் பொருந்தாத பெறுமானங்கள் வருகின்றன. நிரலை வேகப்படுத்தும் வழமையான ஓ2 தெரிவை விட்டு, வேகப்படுத்தாத ஓ0 தெரிவில் தொகுத்தால் பழைய விடையே கிடைக்கிறது. இது கம்பைலரின் வழுதானா? பழைய பதிப்பையே மீண்டும் போடச் சொல்லலாமா?
– ஆய்வு மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: ஓ0இல் சரியாக ஓடுகிறது, ஓ2இல் பிழைக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கம்பைலர்மீது பழிபோட முடியாது. 2022இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து, ஒரே கணிப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பின் பல உறுப்புகளை ஒரே நேரத்தில் கணிக்கும் திசையனாக்கம் ஓ2 தெரிவிலேயே இயங்கத் தொடங்கியது. 11ஆம் பதிப்பில் அதற்கு இன்னும் கூடுதலாக வேகப்படுத்தும் ஓ3 கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பழைய 11ஆம் பதிப்பில் ஓ3 கொடுத்துத் தொகுத்துப் பாருங்கள். அங்கும் அதே பிழை தலைகாட்டினால், நெடுநாளாக நிரலுக்குள் ஒளிந்திருந்த தவறு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்றே நான் கருதுவேன்.

உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டத்தை நாள்வாரியாகக் கணித்த என் நிரலொன்றில் இதுவே நடந்தது. எண்களை வரிசையாக வைக்கும் அணிக்கு 365 இடங்கள் ஒதுக்கியிருந்தேன். 2020 நெட்டாண்டு என்பதால் லூப் 366 வரை ஓடி, அணிக்கு அப்பால் நினைவகத்தில் கிடந்த எதையோ மழைவீழ்ச்சியாக எடுத்துக்கொண்டது. ஒரு தெரிவில் அங்கே பூச்சியம் இருந்ததால் விடை நம்பும்படி இருந்தது, இன்னொரு தெரிவில் குளமே பொங்கி வழிந்தது. ‘எஃப்செக்=பவுண்ட்ஸ்’ என்ற எல்லைச் சரிபார்ப்புத் தெரிவுடன் தொகுத்து ஓட்டியதும், 366 என்ற சுட்டெண் 365 என்ற மேலெல்லையைத் தாண்டுகிறது என்று வரி எண்ணுடன் செய்தி வந்து நின்றது. முகத்துவாரக் கட்டங்கள், வாவியைக் கட்டங்களாகப் பிரித்த உங்கள் வலையின் விளிம்பில் இருப்பவை என்பதால், நீங்களும் இதையே முதலில் சோதிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இரட்டைத் துல்லிய எண்களில் ஏறத்தாழ 15 இலக்கங்களே நம்பத்தக்கவை என்பதால், கடைசி இலக்கங்களில் மட்டும் தெரியும் வேறுபாட்டை வழுவாகக் கொள்ள வேண்டாம். ‘ஃபாஸ்ட்-மேத்’ தெரிவு யாராவது சேர்த்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கூட்டலின் ஒழுங்கை மாற்றும் உரிமையை அது கம்பைலருக்குக் கொடுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீராவிட்டால், பிழை தெரியும் வரை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டி, நிரலை இருபது முப்பது வரிகளுக்குச் சுருக்குங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆயினும் தவறு தங்களுடையதே என்று பலர் கண்டுகொள்வது இந்தக் கட்டத்திலேதான். அப்போதும் பிழை நின்றால், பதிப்பு எண், தொகுத்த கட்டளை, சுருக்கிய நிரல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஜிசிசியின் வழுக்களைப் பதியும் தளமான பக்சில்லாவில் பதியுங்கள். 12.2, 12.3 போன்ற திருத்தப் பதிப்புகளில் அது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கவும் கூடும்.

பழைய பதிப்புக்குத் திரும்பும்படி மட்டும் கேட்காதீர்கள். புதிய பதிப்பை நம்பி வேலை தொடங்கியவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள். இரண்டு பதிப்புகளையும் வெவ்வேறு மொடியூல் பெயர்களில் அருகருகே வைத்து, அவரவர் தமக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ள விடுமாறு சேவரைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். ஒரே பெயரின் கீழ் கம்பைலரைச் சொல்லாமல் மாற்றுவதுதான் இங்கே நடந்த உண்மையான குறை என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தெரியும்வரை சந்தேகத்துக்குரிய அந்த ஒரு கோப்பை மட்டும் ஓ2ஐவிடக் குறைவாக வேகப்படுத்தும் ஓ1இல் தொகுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதத்திலிருந்து புதிய பதிப்பில் ஓடிய கணிப்புகள் எவையெவை என்று குழுவினர் அனைவருக்கும் இன்றே எழுதி அறிவித்துவிடுங்கள்.