ஒரே உறையில் இரண்டு மை: கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை

இந்த வாரம் தாம்பரத்திலிருந்து வந்த கடிதத்தின் முன்பக்கம் நீல மையில், மனைவி எழுதியது. பின்பக்கம் கறுப்பு மையில், கணவர் எழுதியது. ஒருவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். மற்றவருக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். ஒருவர் வீட்டில் கிறிஸ்துமஸ், மற்றவர் வீட்டில் பொங்கல், நடுவில் இரண்டு பிள்ளைகளுக்கும் அரையாண்டு விடுமுறை. பணம் போன வழியைத் தனித்தனியாக எழுதி ஒன்றாக ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தாரா என்பது சந்தேகம்தான்.

கேள்வி (நீல மை): மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் நகைச் சீட்டு கட்டினேன். டிசம்பரில் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு முன் ஒரு சங்கிலி எடுக்கலாம் என்று போனேன். சீட்டில் சேர்ந்தபோது "சேதாரம் இல்லை" என்றவர்கள், இப்போது எனக்குப் பிடித்த டிசைனுக்குச் சேதாரம் 22 சதவீதம், சீட்டுக்கு 14 சதவீதம் வரைதான் தள்ளுபடி என்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

பதில்: சீட்டு அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். "14 சதவீதம் வரை" என்று அங்கே பொடி எழுத்தில் இருந்தால், ஏமாற்று என்று வாதிடுவது கடினம். அந்த வரியே இல்லாவிட்டால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. கடை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பேச்சில் சொன்னதைப் பேச்சிலேயே மறுத்துவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். நாலு கிராம், அதாவது அரைச் சவரன் சங்கிலிக்கு 22 சதவீதச் சேதாரம் 0.88 கிராம். சீட்டில் கழிவது 0.56 கிராம். மிச்சம் 0.32 கிராமுக்கு அன்றைய தங்க விலையில் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பிற்பாடு அந்தச் சங்கிலியை விற்கப் போனால், இந்த 0.32 கிராமுக்கு ஒரு பைசா வராது. டிசைன் அவ்வளவு பிடித்திருக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் 14 சதவீதத்துக்குள் அடங்கும் எளிய சங்கிலியை எடுப்பேன். என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சீட்டு ஏன் 11 மாதம், ஏன் இரண்டு வருடம் இல்லை என்று யோசித்ததுண்டா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு ஈடாக 365 நாளுக்குள் ஒரு நிறுவனம் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது டெபாசிட் ஆகிவிடும் என்கின்றன 2014ஆம் ஆண்டு கம்பெனி விதிகள். அதனால்தான் கடைக்காரர் உங்களைவிட அவசரப்படுகிறார். கிறிஸ்துமஸ் நெரிசலிலும் பொங்கல் நெரிசலிலும் முண்டியடித்து எடுக்க வேண்டியதில்லை. அட்டையில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு, கடை காலியாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் போங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கட்டிய பணம் ரூபாயாகச் சேர்ந்ததா, மாதாமாதம் அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கப்பட்டதா? ரூபாயாகச் சேர்ந்திருந்தால், வருடத்தில் தங்கம் ஏறிய ஏற்றம் முழுக்க உங்கள் தலையில். அடுத்த சீட்டை கிராம் கணக்கில் போடுங்கள்.

எடுக்கும்போது நகையில் மூன்று முத்திரைகளைப் பாருங்கள்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22கே916 என்ற தூய்மைக் குறி, அந்த நகைக்கே உரிய ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. அடையாள எண். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த பொடி நகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மகளுக்கு மூக்குத்தி, கம்மல் எடுக்கும்போது இது நினைவிருக்கட்டும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும். சேதாரம் கழிந்தாலும் 3 சதவீத ஜி.எஸ்.டி. கழியாது, அதையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி (கறுப்பு மை): டிசம்பர் 14 அன்று மகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக ஒரு ஃபிராக் எடுத்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒருமுறை போட்டாள். மறுநாள் நனைத்ததும் சிவப்பு முழுவதும் வெள்ளையில் இறங்கிவிட்டது. பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நான் வேறு கடைக்குப் போகலாம் என்றேன், மனைவிதான் கேட்கவில்லை.

பதில்: கடைசி வரிக்கு இந்தப் பகுதியில் பதில் கிடையாது.

மற்றதற்கு உண்டு. அச்சடித்த வரி சட்டத்தைவிடப் பெரியதல்ல. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். "பெறப்படமாட்டாது" என்பது காலக்கெடு ஆகாது. ஆகவே 30 நாள் கணக்கில், உங்களுக்கு ஜனவரி 13 வரை இருக்கிறது. பொங்கலுக்கு முன் போய்விடுங்கள்.

ஆனால் "குறை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிறம் பிடிக்கவில்லை, அளவு சிறிது, அத்தை இதையே எடுத்து வந்துவிட்டார் என்பதெல்லாம் குறை ஆகாது. அங்கே மாற்றித் தருவது கடையின் தயவு. சாயம் போவது குறை. உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டில் எப்படித் துவைக்கச் சொல்லியிருக்கிறது? "டிரை கிளீன் மட்டும்" என்றிருந்தால் உங்கள் வழக்கு சாயத்தோடு போய்விடும். அப்படி இல்லையென்றால் ஃபிராக்கையும் துணிச்சீட்டையும் பில்லையும் படம் எடுத்து, கடைக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல கடைகள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுகின்றன. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒரு ஃபிராக்குக்காக அவ்வளவு தூரம் நடப்பீர்களா என்பது வேறு விஷயம்.

தேசிய நுகர்வோர் தினம் டிசம்பர் 24. முதல் நுகர்வோர் சட்டத்துக்கு 1986இல் அன்றுதான் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ஆண்டிலேயே ஜவுளிக் கடைகள் நிரம்பி வழியும் நாட்களில் ஒன்றை இதற்குத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

கேள்வி (நீல மை): டிசம்பர் 27 முதல் இரண்டு இரவுகளுக்குக் கொடைக்கானலில் அறை எடுத்திருந்தார். எனக்கு 25ஆம் தேதி காலையில்தான் சொன்னார், "உனக்கு ஆச்சரியம்" என்று. அன்று இரவே பையனுக்குக் காய்ச்சல். அறையை ரத்து செய்தோம். 9,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்கிறார்கள். "இந்த விலையில் ஒரே ஒரு அறைதான் மிச்சம்" என்று தளத்தில் வந்ததாம், அவசரத்தில் அழுத்திவிட்டாராம்.

பதில்: "ஒரே ஒரு அறைதான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, 2023 நவம்பரில் ஒன்றிய அரசு தடைசெய்த 13 இணைய உத்திகளில் ஒன்று. ஆனால் உண்மையிலேயே ஒரு அறைதான் இருந்ததோ என்னவோ, டிசம்பர் கடைசியில் கொடைக்கானலில் அதுவும் நடக்கும்.

உங்களுக்கு உதவக்கூடியது வேறு. வாங்குபவர் பின்வாங்கினால், விற்பவருக்கு ஏற்பட்ட நட்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்கிறது 2019 சட்டம். அந்த இரண்டு இரவுகளும் அறை வேறு யாருக்காவது போனதா என்று விடுதிக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஒரே அறைக்கு இரு முறை பணம் வாங்கியிருந்தால், உங்கள் 9,600ஐ வைத்துக்கொள்ள என்ன நியாயம்? இந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அது வேண்டாத அலைச்சல். 1915இல் புகார் பதிந்துவிட்டு, பணம் இல்லாவிட்டாலும் பிப்ரவரியில் தேதி மாற்றித் தரும்படி கேளுங்கள். அப்போது மலையில் கூட்டம் குறைவு. வெறும் அறைக்கு ஆள் வந்தால் போதும் என்று ஒப்புக்கொள்ளலாம்.

கேள்வி (கறுப்பு மை): புத்தாண்டு இரவு சாப்பிட்ட உணவகத்தில் சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள்.

பதில்: எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்பது 2022 ஜூலை வழிகாட்டுதல். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கொடுத்தது கொடுத்ததாகவே இருக்கட்டும் என்றால், பரிமாறிய பையனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்றாவது கேளுங்கள்.

கேள்வி (நீல மை): பொங்கலுக்கு ரயில் இல்லை. தனியார் பஸ்ஸில் கேட்கும் கட்டணத்தைச் சொன்னால் மயக்கம் வருகிறது.

பதில்: இந்தப் பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் அரசு சிறப்புப் பஸ்தான். வரும் ஆண்டுக்குக் காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 23 பயணம் என்றால், அக்டோபர் 24 காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளிப் பரபரப்பில் இந்தத் தேதி மறந்துபோவது வழக்கம்.

கேள்வி (கறுப்பு மை): கடைசியாக ஒன்று. வீட்டில் ஒரு நகைச் சீட்டு முடிந்திருக்கிறது. நகையாக எடுக்காமல் ரொக்கமாக வாங்கி, கொடைக்கானல் அறைக்காகக் கிரெடிட் கார்டில் ஏறிய பாக்கியைக் கட்டிவிடலாமா? சீட்டு அட்டையில் "ரொக்கம் வழங்கப்படாது" என்று போட்டிருக்கிறது.

பதில்: அட்டையிலேயே போட்டிருக்கிறது. அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நகையாக வாங்கி அடகு வைக்கலாம் என்று யோசித்தால், சேதாரத்தில் போனதை எந்த அடகுக் கடையும் கணக்கில் எடுக்காது. அதற்கு முன், இந்தத் தாளைத் திருப்பி நீலப் பக்கத்தின் முதல் கேள்வியைப் படித்துவிடுங்கள். டிசைன்கூடப் பார்த்தாயிற்று.