குஞ்சு வாங்கும்போது தாய் மீனையும் விசாரியுங்கள்: நன்னீர் மீன், இறால் மரபியல் கேள்வி-பதில்

மீன், இறால் மரபியல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பண்ணைக்காரர்களுடையவை. மற்றவை மாணவர்கள், மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், ஆற்றோரத்தில் வாழ்பவர்கள் கேட்டவை. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பல வருடமாக ஒரே இடத்தில்தான் கட்லா, ரோகு குஞ்சு எடுக்கிறேன். வருடத்துக்கு வருடம் மீன் சிறுத்துக்கொண்டே போகிறது. "ரத்தம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். அப்படி ஆகுமா சார்? (பண்ணைக்குட்டை விவசாயி, ஒரத்தநாடு)

ஆகும். ஆனால் பழியை மரபணு மேல் போடுவதற்கு முன்னால் குளத்தைப் பாருங்கள். ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) என்பது வழக்கமான கணக்கு. அதற்கு மேல் விட்டுவிட்டுத் தீனியைக் குறைத்தால் எந்த ஜாதி மீனும் சிறுத்துத்தான் போகும். இருப்பும் தீனியும் சரியாக இருந்தும் வளர்ச்சி குறைகிறது, கூன் விழுந்த குஞ்சுகளும் செவுள் மூடி குறைந்த குஞ்சுகளும் அதிகம் வருகின்றன என்றால், அப்போது தாய் மீன்களைச் சந்தேகிக்கலாம்.

நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று சொல்ல எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4 ஆல் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 5 ஆணும் 20 பெண்ணும் வைத்து ஒரு பொரிப்பகம் குஞ்சு எடுத்தால் வருவது 16. கண்ணுக்குத் தெரிவது 25 மீன் என்றாலும், மரபியல் கணக்கில் அது வெறும் 16 மீனுக்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் உட்கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே கலப்பது, சுமார் 3 சதவீதம் ஏறும். அதே பொரிப்பகம் 25 ஆண், 25 பெண் வைத்திருந்தால் ஏற்றம் 1 சதவீதம்தான். ஒரு கெண்டைத் தாய் லட்சக்கணக்கில் முட்டையிடுவதால், நாலைந்து ஜோடி இருந்தாலே ஊருக்கே குஞ்சு கொடுத்துவிடலாம். இந்த வசதிதான் வினையாகிறது. அந்தக் குஞ்சுகளிலிருந்தே அடுத்த தாய் மீனையும் எடுத்துவிட்டால், அண்ணன் தங்கைகளே அடுத்த முறை ஜோடி சேர்கின்றன.

இன்னொரு சிக்கல், வேறு வேறு இனங்களுக்குள் நடக்கும் கலப்பு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்குமே 50 குரோமோசோம்கள். அதனால் ஒன்றோடொன்று எளிதாகக் கலக்கும். பிறக்கும் கலப்பு மீனும் பெரும்பாலும் மலடாகாமல் மறுபடி முட்டையிடும். வட்டத் தொட்டியில் மூன்றையும் ஒன்றாகவிட்டு முட்டையிட ஊசி போட்டால், கலப்புக் குஞ்சு வராமல் இருக்காது. முதல் தலைமுறைக் கலப்பைத் தலை வாகை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மூன்று தலைமுறை தாண்டினால் ஆய்வகத்தால் மட்டுமே முடியும். 1957 ஜூலை 10 அன்று கட்டாக்கில் ஹிராலால் சௌதுரி கெண்டைகளுக்குப் பிட்யூட்டரி ஊசி போட்டு முட்டையிட வைத்ததிலிருந்து நம் நாட்டில் மீன் குஞ்சுக்குப் பஞ்சமில்லை. தாய் மீன்களின் பதிவேட்டை மட்டும் பெரும்பாலான இடங்களில் யாரும் எழுதவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நடக்கிற வேலை இது.

பதிவேடு எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஜெயந்தி ரோகு சாட்சி. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் நார்வே நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 1992இல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லஜ் ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் ஒன்றுசேர்த்து, எது எந்தக் குடும்பத்துக் குஞ்சு என்று அடையாளமிட்டு வளர்த்து, வேகமாக வளர்ந்த குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997இல் வெளியிட்டதால் அந்தப் பெயர். மரபணு எதையும் மாற்றவில்லை, நல்ல குடும்பங்களைத் தேர்ந்தெடுத்ததோடு சரி. ஆனால் அதே ஜெயந்தியை வாங்கி வந்து நாலு ஜோடியில் பெருக்கினால், அந்த ஆதாயம் சில தலைமுறையில் கரைந்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது: இந்த முறை இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒரே அளவு விரலிகளை வாங்குங்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் வயிற்றுத் துடுப்பில் ஒன்றைச் சிறிது கத்தரித்துவிட்டு, இரண்டையும் ஒரே குளத்தில் விடுங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து வலை போட்டு எடை பாருங்கள். ஒரே தண்ணீர், ஒரே தீனி என்பதால், வித்தியாசம் தெளிவாக இருந்தால் அது பெரும்பாலும் குஞ்சினால் வந்தது. அப்புறம் பொரிப்பகத்தில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை ஆண் மீன் வைத்திருக்கிறீர்கள், கடைசியாக வெளியிலிருந்து தாய் மீன் கொண்டுவந்தது எப்போது? லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபணு வள அமைப்பு, விந்தை உறைய வைத்துப் பாதுகாக்கும் உறைவிந்து முறையை உருவாக்கியிருக்கிறது. அதன் மூலம் வேறு இடத்து ஆண் மீனின் விந்தைக் கொண்டுவந்து பயன்படுத்தலாம், மீனையே லாரியில் ஏற்ற வேண்டியதில்லை.

கிஃப்ட் திலேப்பியா மரபணு மாற்றிய மீனாமே, சாப்பிடலாமா? (இல்லத்தரசி, கிருஷ்ணகிரி)

தாராளமாகச் சாப்பிடலாம். அது மரபணு மாற்றிய மீன் இல்லை. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டம் அது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவந்த காட்டு நைல் திலேப்பியாவையும், ஆசியப் பண்ணைகளில் இருந்த நான்கு வகைகளையும் கலந்து, வேகமாக வளர்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து தலைமுறையில் வளர்ச்சி தொடக்க நிலையைவிட 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது. நம் ஏரிகளில் பரவிக் கிடக்கும் ஜிலேபி கெண்டை வேறு இனம். அது மொசாம்பிக் திலேப்பியா, 1952இல் இலங்கையிலிருந்து வந்தது.

உண்மையாகவே மரபணு மாற்றி, உணவுக்கென அமெரிக்கா அனுமதித்த முதல் விலங்கு ஒரு சால்மன் மீன். வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை அதில் சேர்த்திருந்தார்கள். அனுமதி கிடைத்தது 2015இல். 2024 இறுதியில் அந்த நிறுவனமே மீன் வளர்ப்பை நிறுத்திவிட்டது. அதற்கும் உங்கள் சந்தையில் கிடைக்கும் திலேப்பியாவுக்கும் சம்பந்தமில்லை.

வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மீன்வளத் துறை அனுமதியும், மீன் வெளியேறாதபடி வடிகாலில் வலைத் தடுப்பும் இல்லாமல் திலேப்பியா விடாதீர்கள். ஆற்றுக்குள் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

ஸ்கேம்பி இறாலில் "முழு ஆண் குஞ்சு" விற்கிறார்கள். ஹார்மோன் ஊசி போட்ட இறாலா? (பண்ணையாளர், நெல்லூர்)

நீங்கள் வளர்க்கும் இறாலுக்கு எதுவும் போடுவதில்லை. எப்படி என்று சொல்கிறேன், கேட்க அழகான விஷயம்.

ஸ்கேம்பி என்கிற இந்தப் பெரிய நன்னீர் இறாலில் ஆணுக்கு ஒரே மாதிரியான இரண்டு பால் குரோமோசோம்கள், அதாவது இசட்-இசட். பெண்ணுக்கு டபிள்யூ-இசட். மனிதரில் இருப்பதற்கு நேர்மாறு. ஆண் குஞ்சை ஆணாக வளரச் செய்வது, ஆண் சுரப்பி ஒன்று சுரக்கும் இன்சுலின் வகைப் புரதம். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் அமிர் சாகியின் குழு முதலில் அந்தச் சுரப்பியையே நுண் அறுவையில் எடுத்துப் பார்த்தது. பிறகு அந்தப் புரதத்துக்கான மரபணுவின் பேச்சை மட்டும் தற்காலிகமாக அடக்கும் ஆர்.என்.ஏ. துணுக்கைச் செலுத்தினார்கள். இளம் ஆண் இறால் பெண்ணாக வளர்ந்து முட்டையும் இட்டது! குரோமோசோம் மட்டும் இசட்-இசட்தான். அதைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் பிள்ளைகள் எல்லாமே இசட்-இசட், எல்லாமே ஆண். 2012இல் இது வெளிவந்தது. மரபணு வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. துணுக்கைப் பெற்றது தாய் மட்டும்தான், சந்தைக்குப் போவது அதன் பிள்ளைகள்.

விற்பவர் சொல்வதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. டபிள்யூ குரோமோசோமில் மட்டும் இருக்கும் டி.என்.ஏ. அடையாளத்தை ஒரு சிறு பி.சி.ஆர். சோதனையில் தேடலாம். மாதிரிக் குஞ்சுகளில் ஒன்றிலாவது அது தெரிந்தால் பெண் கலந்திருக்கிறது.

ஆனால் முழு ஆண் குஞ்சு என்பதால் எல்லாம் ஒரே அளவில் வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீலக் கொடுக்கு, ஆரஞ்சுக் கொடுக்கு, குட்டை ஆண் என்று ஆண்களுக்குள்ளேயே அடுக்கு உண்டு. பெரியதை அவ்வப்போது பிடித்து எடுத்தால்தான் அடுத்தது வளரும். நல்ல வளர்ச்சிதான் குறி என்றால், புவனேசுவரத்தில் 2007 முதல் குஜராத், கேரளா, ஒடிசா இறால்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகத்தையும் விசாரியுங்கள்.

டாஃப்னியாவுக்கு மனிதரைவிட மரபணு அதிகம் என்று படித்தேன். சரியா? (உயிரியல் மாணவி, திருச்சி)

2011இல் சரி. இறால், நண்டு சேர்ந்த ஓட்டுடலிகளில் முதன்முதலாக முழு ஜீனோம், அதாவது மொத்த டி.என்.ஏ. வரிசை, வாசிக்கப்பட்டது நீர்த்தெள்ளு எனப்படும் இந்த டாஃப்னியாவுக்குத்தான். அப்போது 30,000க்கும் மேல் மரபணுக்கள் என்று எண்ணினார்கள். மனிதருக்குச் சுமார் 20,000. பின்னர் இன்னும் துல்லியமாக வாசித்தபோது டாஃப்னியாவின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்து, 20,000க்குக் கீழே வந்துவிட்டது. பழைய எண்ணைத் தேர்வில் எழுதாதே அம்மா.

ஜீனோமின் நீளத்தையும் மரபணு எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. தென் அமெரிக்க நுரையீரல் மீனின் ஜீனோம் 2024இல் வெளிவந்தது. சுமார் 9,100 கோடி எழுத்துகள், நம்முடையதைப் போல 30 மடங்கு. அதில் பெரும்பகுதி தன்னைத் தானே படியெடுத்துப் பெருகிய துண்டுகள்.

ஜோடியே இல்லாமல் முட்டையிடும் கிரேஃபிஷ் கிடைக்கிறது. மீன்தொட்டிக்கு வாங்கலாமா? (சென்னை)

வேண்டாம். கையில் இருந்தால் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், ஏரியிலும் குளத்திலும் விடவே விடாதீர்கள்.

கிரேஃபிஷ் என்பது நன்னீரில் வாழும், கொடுக்கு வைத்த இறால் போன்ற உயிர். நீங்கள் சொல்வது மார்பிள் கிரேஃபிஷ் ஆக இருக்கலாம். 1995 வாக்கில் ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடையே தலைகாட்டியது. அதற்கு முன் காட்டில் எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஃபுளோரிடாப் பக்கத்து இனம் ஒன்றிலிருந்து பிறந்தது. 2018இல் ஜீனோமைப் படித்தபோது, எல்லாமே பெண், ஒவ்வொன்றும் மூன்று தொகுதி குரோமோசோம்களைச் சுமக்கிறது, வெவ்வேறு நாட்டில் பிடித்தவைகூட ஏறக்குறைய ஒரே நகல் என்று தெரிந்தது. ஒன்றே ஒன்று தப்பினாலும் ஒரு கூட்டம் உருவாகும். மடகாஸ்கரில் 2007க்கும் 2017க்கும் இடையில் அது பரவிய பரப்பு நூறு மடங்கு ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலேயே தடை விதித்துவிட்டது. இந்தியாவுக்கென்று சொந்தக் கிரேஃபிஷ் இனம் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே வந்தால் நம் ஆற்று இறால்களும் வயல் நண்டுகளும்தான் அதோடு போட்டி போட வேண்டும்.

காவிரியில் திமில் வைத்த மஹசீர் இப்போதும் இருக்கிறதா? மஹசீர் குஞ்சுகளை விட்டால் பெருகாதா? (பவானிசாகர்)

இருக்கிறது, மிகக் குறைவாக. மஹசீர் என்பது கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீன். 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் தூண்டிலில் சிக்கிய மீன் இந்த வகைதான். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற அந்த மீனுக்கு நூறு ஆண்டுக்கு மேல் சரியான அறிவியல் பெயர் இல்லை என்றால் நம்புவீர்களா? 2007இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து டார் ரேமாதேவியே என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டிருந்தார்கள். பாம்பாறு கிழக்கே பாய்ந்து அமராவதி வழியாகக் காவிரிக்கு வருவது. 2018இல் உருவத்தையும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டபோது, காவிரியின் திமில் மஹசீரும் அதுவும் ஒன்றே என்று உறுதியானது. பெயர் கிடைத்த பிறகுதான், அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று, அழியும் உயிர்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்க முடிந்தது. பவானியில் கலக்கும் மோயாறு அதன் முக்கியமான புகலிடம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மஹசீர் என்று சொல்லி எந்த மஹசீரை விடுவது? மகாராஷ்டிரத்தின் லோனாவ்லா பொரிப்பகத்தில் பெருக்கிய நீலத்துடுப்பு மஹசீரை நல்ல எண்ணத்தோடுதான் காவிரியில் விட்டார்கள். தூண்டில் முகாம்களின் பதிவேடுகளைப் பார்த்தால், ஆண்டுகள் போகப்போக நீலத்துடுப்பு கூடியதும் திமில் மஹசீர் குறைந்ததும் தெரிகிறது. அணை, மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல் எல்லாம் சேர்ந்த துன்பம்தான். ஆனாலும் வெளி மீனை விட்டது நம் கையால் செய்தது. இரண்டும் கலந்திருக்கின்றனவா என்று பார்க்க மைட்டோகாண்ட்ரியா மட்டும் போதாது, அது தாய் வழியை மட்டுமே காட்டும். உட்கரு டி.என்.ஏ.வையும் படிக்க வேண்டும். அதைப் படிக்காமல், எந்த ஆற்றுத் தாய் என்று தெரியாமல், ஒரு வாளி மஹசீர் குஞ்சைக்கூட மோயாற்றிலோ பவானியிலோ விடக் கூடாது. விழா நடத்திப் படம் எடுத்துக்கொண்டு விடுகிறவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஒரு குடம் தண்ணீரை வைத்து ஏரியில் என்ன மீன் இருக்கிறது என்று சொல்ல முடியுமாமே? (ஆசிரியர், மதுராந்தகம்)

முடியும். மீன் உதிர்க்கும் சளி, செதில், கழிவு எல்லாவற்றிலும் டி.என்.ஏ. உண்டு. தண்ணீரை வடிகட்டி அதைப் படிப்பார்கள். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இப்படித் தேடிய நியூசிலாந்து ஆய்வாளர்கள், 2019இல் முடிவை அறிவித்தபோது, அங்கே இருப்பதாகக் கதை சொல்லும் பூதத்தின் தடயமாக ஊர்வன டி.என்.ஏ. எதுவும் இல்லை, விலாங்கு டி.என்.ஏ. மட்டும் ஏராளம் என்றார்கள்.

ஆனால் எத்தனை மீன், எவ்வளவு பெரியது, உயிரோடு இருக்கிறதா என்பதை இந்த முறை நேராகச் சொல்லாது. மீன் சந்தைக் கழிவுநீர் கலக்கும் ஏரியில் வஞ்சிரம்கூடத் தெரியும்! மாதிரி எடுக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆய்வுக்காக ஆற்று மீனின் மாதிரி எடுக்கிறேன். டி.என்.ஏ. கெடாமல் இருக்க என்ன செய்வது? (முதுகலை மாணவர், தூத்துக்குடி)

ஃபார்மலின் கூடவே கூடாது, டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். மீனைக் கொல்லவும் வேண்டாம். துடுப்பு ஓரத்தில் நகக்கண் அளவு கத்தரித்து, 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். துணுக்கைப் போலப் பத்து மடங்காவது எத்தனால் இருக்கட்டும். மறுநாள் பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கத்தரியை ஒவ்வொரு மீனுக்கும் துடைத்துச் சுடரில் காட்டுங்கள். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் அழிந்துவிடும். மீனின் படம், இடம், தேதி மூன்றும் இல்லாத குப்பியை வைத்துக்கொண்டு பின்னால் எதுவும் செய்ய முடியாது. காப்புக்காட்டுக்குள் ஓடும் ஆறு என்றால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு நாளாகும், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.